நிழலை நிறுத்தும் மை

மை என்பது தமிழில் ஓரெழுத்து ஒருமொழி. எழுதும் மையும் அதுவே. கண்ணுக்கிடும் அஞ்சனமும் அதுவே. மேகம், இருள், குற்றம், ஆடு எனவும் அதற்குப் பொருள் உண்டு. பண்பைக் குறிக்கும் விகுதியாக நின்று கருமை, வெண்மை, வாய்மை, பொறுமை எனச் சொற்களைப் பிறப்பிப்பதும் அதுவே. இலக்கண வகுப்பில், ‘கருமையில் மை இருப்பது இயல்பு, வெண்மையிலும் மை இருக்கிறதே, பார்த்தீர்களா?’ என்று மாணவர்களை வேடிக்கையாகக் கேட்பது என் நெடுநாள் வழக்கம். ஒரே ஒரு நிழற்படத்தை அச்சிட முனைந்தபோது, அந்தக் கேள்விக்கு நானே விடை தேட வேண்டியவனானேன்.

என் மூத்த சகோதரரை நாங்கள் காக்கா என்றழைப்போம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள எங்கள் சிற்றூரில் அவர் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஸ்டூடியோ நடத்தினார். இருட்டறையின் சிவப்பு விளக்கொளியில், தட்டில் மிதக்கும் வெற்றுத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதைச் சிறுவனாகிய நான் அவரருகே நின்று கண்டு வியந்ததுண்டு. அவர் கையாண்ட தாள் பெரும்பாலும் ஊட்டியிலிருந்து வந்தது. 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் செய்து அனுப்பியது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. அதன் அட்டைப் பெட்டிகள் மட்டும் பழைய ஸ்டூடியோக்காரர் வீடுகளில் ரசீதுகளையும் பொத்தான்களையும் காத்துக்கொண்டு கிடக்கின்றன.

பதினான்கு வயதில் நான் மத்ரஸாவுக்கு ஓதச் சென்றேன். 1986-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் திரும்பியபோது, புதிதாக ஓதியவனுக்கே உரிய துணிச்சலோடு, உருவம் சமைக்கும் தொழில் ஆகுமா ஆகாதா எனக் காக்காவிடமே வாதிட்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. ‘தம்பி, நான் எதையும் வரையவில்லை. வெளிச்சம் விழுகிறது, அது ஓடிப்போகாமல் பிடித்து வைக்கிறேன்’ என்றார். அன்று மாலை என்னைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். தார் பூசி நிறுத்தியிருந்த ஒரு வள்ளத்தின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக நின்றுகொண்டு, கேமராவை என் கையில் கொடுத்து, ‘ஊரையெல்லாம் நான் எடுக்கிறேன், என்னை எடுக்க ஆளில்லை. இதை அழுத்து’ என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே அழுத்தினேன்.

பல்லாண்டு கழித்து, ஆசிரியப் பணியில் அமர்ந்த பின்னர், எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935-இல் மறைந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் நிழற்படம் பற்றி வரைந்த ஆய்வுரையின் கருத்தை அறிய நேர்ந்தது. கேமரா புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதில்லை. விழுந்த நிழலைத் தடுத்து நிறுத்துகிறது என்பது அப்பெரியாரின் வாதம். மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உளர். அவ்விவாதம் இங்கு நம் பொருளன்று. கிதாபுகளைப் புரட்டியறியாத என் காக்கா கடற்கரையில் நின்று சொன்னதும் அதுவே அன்றோ என்ற எண்ணந்தான் என்னை உறுத்திற்று. அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டுமென்று பலமுறை நினைத்தேன். ஒருமுறையும் சொல்லவில்லை. 2019-இல் அவர் மறைந்தார்.

சில திங்கள் சென்றபின் மதினி என்னை அழைத்து, ஓர் ‘இந்து’ தாள் பெட்டியைக் கையில் தந்தார். உள்ளே, உறையிட்டுத் தேதி குறித்த பிலிம் துண்டு ஒன்று. அதில் வள்ளமும் காக்காவும். குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் உள்ள விரல்நுனியளவு படங்களை நீக்கினால், அவருக்கென்று இருந்த படம் அது ஒன்றே. ‘தம்பி, முகம் தெரிகிற மாதிரி பெரிதாக ஒன்று போட்டுத் தாருங்கள்’ என்றார் மதினி.

நான் செய்த பிழை அங்கே தொடங்குகிறது. அருகிலிருந்த நகரத்துக் கடையொன்றில் கொடுத்து, அன்று மாலையே பளபளக்கும் படத்தோடு திரும்பினேன். எந்த மை, எந்தத் தாள் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. சுவடியொன்றைக் கண்டால் அதன் மையையும் தாளையும் முதலில் ஆராயும் நான், இங்கு விலையை மட்டும் கேட்டேன். தொட்டுப் பார்க்க வேண்டும், கண்ணாடி வேண்டாம் என்று மதினி விரும்பியதால், கடலை நோக்கிய சன்னலுக்கு எதிர்ச்சுவரில், மின்விசிறியின் கீழ் அப்படியே மாட்டினோம். இரண்டாண்டில் கருப்பெல்லாம் செம்பழுப்பாயிற்று. வெள்ளைத் தொப்பி வானத்தோடு கலந்தது. முகத்தில் கண்கள் இருந்த இடம் மட்டும் எஞ்சியது. மதினி குறை கூறவில்லை. ‘ஒரு மனிதர் இரண்டு தடவை போவாரா, தம்பி?’ என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

என்னிடம் ஓதி, பின்னர் மதுரையில் அச்சுத் தொழில் செய்யும் மாணவர் ஒருவரிடம் அந்த வெளுத்த படத்தை எடுத்துச் சென்றேன். பார்த்த உடனே, ‘ஹஜ்ரத், இது சாய மை. காற்றும் வெயிலும் தின்றுவிட்டன’ என்றார். அன்று தொடங்கிய பாடத்தில் மாணவர் ஆசிரியரானார், ஆசிரியன் மாணவனானேன்.

இங்க்ஜெட் பிரிண்டர் என்பது மையை நுண்துளிகளாகத் தாளின்மேல் தெளிக்கும் கருவி. ஒரு துளியின் அளவு ஒரு லிட்டரின் இலட்சங்கோடியில் ஒருசில பங்கே. அத்துளியில் நிறம் இருவகையாக இருக்கலாம். சர்க்கரை நீரில் கரைவதுபோல நிறம் கரைந்து நிற்பது சாய மை. மிக நுண்ணிய பொடியாகக் கரையாமல் மிதந்து நிற்பது நிறமி மை. கரைந்த சாயத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே ஒளிக்கும், காற்றிலுள்ள ஓசோனுக்கும் இலக்காகிறது. நிறமித் துகளிலோ பல மூலக்கூறுகள் செறிந்திருப்பதால், புறத்தே உள்ளவை அழிந்தாலும் அகத்தே உள்ளவை நெடுநாள் காக்கப்படுகின்றன. விரைவில் உலரவேண்டுமென்று தாளின்மேல் இடப்படும் நுண்துளைப் பூச்சு காற்றையும் உள்ளே விடுகிறது. விசிறிக்குக் கீழே கண்ணாடியின்றித் தொங்கிய சாய மைப் படத்தின் கதி வேறு எப்படியிருக்கும்? 2000-ஆம் ஆண்டில் மேலைநாடுகளிலும் ஒருவகைச் சாய மைப் படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறம் கொண்டதும், அதற்கு ஓசோனே காரணமெனக் கண்டதும் இத்தொழிலோர் நன்கறிந்த செய்தி. இன்றைய சாய மைகள் அவற்றினும் மேம்பட்டவை என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஆயினும் பெயரன் காலம்வரை நிற்க வேண்டிய படத்துக்கு நிறமி மையே தக்கது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் பழைய கிதாபுகள் நினைவில் வந்தன. அரபு நூலெழுத்தர் மிதாத், ஹிப்ர் என மைக்கு இரு சொற்களை ஆண்டனர். பிற்காலத்தில் இரண்டும் ஒன்றன் இடத்தில் ஒன்றாக வழங்கலாயின. எனினும் பழைய வழக்கில் மிதாத் என்பது விளக்குப் புகையின் கரியைப் பிசினோடு குழைத்தது. ஹிப்ர் என்பது மாசிக்காயையும் அன்னபேதியையும் கூட்டிச் செய்தது. எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படி ஒன்றுண்டு. கரி மையில் எழுதிய மூலம் இன்றும் நேற்று எழுதியதுபோல் கருத்து நிற்கிறது. பின்னர் ஒருவர் ஓரங்களில் எழுதிய குறிப்புகளோ பழுப்பேறி, சில இடங்களில் தாளையே அரித்துவிட்டன. கரி அழியாது, கூட்டிப் பிறப்பித்த நிறம் மாறும். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய வரிகளில் நம் முன்னோர் தேய்த்ததும் விளக்குக் கரியே. இன்றைய நிறமிப் பிரிண்டரின் கருப்பு மைக்குள் மிதக்கும் பொடியும் கரிதான் என்று மாணவர் சொன்னபோது, நான் அயலூருக்கு வரவில்லை, பழகிய தெருவுக்கே வந்திருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

ஆனால் கரி ஒன்று மட்டும் போதாது. படத்தில் கருப்பும் வெள்ளையும் சிறுபான்மை, சாம்பலே பெரும்பான்மை. கருப்பு மை ஒன்றை மட்டும் வைத்துச் சாம்பலை உண்டாக்க முயன்றால், புள்ளிகளைத் தூரத் தூரத் தூவ வேண்டும். அப்போது கன்னத்தின் மெல்லொளி மிளகு தூவினாற்போல் தோன்றும். வண்ண மைகளைக் கலந்து சாம்பலாக்கினால், அது குழல்விளக்கில் பச்சை சாயலும் மஞ்சள் பல்பொளியில் செஞ்சாயலும் காட்டி ஏமாற்றும். இதற்குத் தீர்வாகக் கருப்போடு வெளிர்கருப்பு மைகளும் வந்தன. 2005-இல் எப்சன் நிறுவனம் கருப்பின் மூன்று அடர்த்திகளை ஒருங்கே வைத்த மைத்தொகுதியை வெளியிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கோன் என்பார், வண்ண மைகளை அகற்றிவிட்டு, பிரிண்டரின் அறைகளெல்லாம் கரியின் பல அடர்த்திகளையே நிரப்பும் முறையை உருவாக்கிப் பியசோகிராபி எனப் பெயரிட்டார். மை தெளிக்கும் முறை கலைப்பணிக்கு ஏற்றது என்று முதன்முதல் காட்டியோருள் ஒருவர் ஓர் இசைவாணர். கிரகாம் நாஷ் என்ற அவர் தம் நிழற்படங்களை அச்சிட ஐரிஸ் என்னும் பெரும் பிரிண்டரை வாங்கி, 1991-இல் கலிபோர்னியாவில் அச்சகமே தொடங்கினார். அந்தப் பிரிண்டர் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மையும் தொடக்கத்தில் சாயமே. நிலையாமை அதையும் விடவில்லை.

கரியின் தூய சாம்பல் சற்றே பழுப்பு கலந்தது. மெலிதாகப் பரப்பினால் இது நன்கு புலனாகும். நீலச்சாயல் கொண்ட குளிர்ந்த கருப்பு வேண்டுவோருக்கு அதில் வண்ண நிறமி சிறிது சேர்க்கப்படுகிறது. சேர்த்த வண்ணம் கரியினும் முந்தி வெளுக்கும் என்பதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய படங்களின் பழுப்பைச் சீபியா என்கிறோம். அச்சொல் கணவாய் மீனின் பெயர். அதன் பையிலுள்ள மையால் ஒரு காலத்தில் மேலைநாட்டார் எழுதினர், வரைந்தனர். நிழற்படத்தின் பழுப்பு வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்ப்பதால் வருவது. பெயர் மட்டும் கணவாயிடம் கடன் வாங்கியது. கணவாய் கழுவும்போது கையெல்லாம் கருத்துப்போகும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்தது தாள். வெண்மையில் மை உண்டு என்பது இலக்கணம். அச்சில் வெண்மைக்கு மை இல்லை. இந்தப் பிரிண்டரில் வெள்ளை மைக்கு அறையே கிடையாது. காக்காவின் தொப்பியும் சட்டையும் வெறும் தாள்தான். ஆகவே தாளைத் தேர்ந்தெடுப்பது வெண்மையைத் தேர்ந்தெடுப்பதேயாகும். சலவைக்கு நீலம் போடுவதுபோல, தாளை மிக வெள்ளையாகக் காட்டச் சிலர் ஒளிகூட்டும் பொருள்களைச் சேர்க்கின்றனர். அவை காலப்போக்கில் வலுவிழக்க, தாள் மஞ்சளாகிறது. மாணவர் கடையில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கு ஒன்றிருந்தது. அதன்கீழ் தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். சில நீலமாய் ஒளிர்ந்தன. சில அமைதியாக மங்கிக் கிடந்தன. ‘மங்கிக் கிடப்பதை எடுப்போம், ஹஜ்ரத்’ என்றார்.

மேற்பரப்பில் மூவகையைச் சோதித்தோம். முதலாவது, பிளாஸ்டிக் உறைபோல் பூச்சிட்டு முத்துப்போன்ற மெல்லொளி தரும் தாள். கைபடப் பழகுவதற்கு ஏற்றது. இரண்டாவது, பேரியம் சல்பேட் பூசிய பரைட்டா. காக்காவின் இருட்டறைத் தாளுக்கு நெருங்கிய உறவு. மூன்றாவது, மேட் எனப்படும் ஒளிராத பருத்தித் தாள். அதற்கு நாங்கள் எடுத்தது 1584 முதல் இயங்கும் ஜெர்மானிய ஆலையாகிய ஹானமூலேயின் தாள். சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை. தொட்டால் துணிபோல் இருந்தது. தாளுக்குத் தக்கபடி கருப்பு மையும் மாற வேண்டும். மேட் தாளுக்குரிய கருப்பைப் பளபளக்கும் தாளில் இட்டால் ஒட்டாமல் உதிரும். பளபளப்புக்குரிய கருப்பை மேட் தாளில் இட்டால் சோர்ந்து சாம்பலாய்த் தெரியும்.

கருமையின் ஆழத்திலும் வேறுபாடு பெரிது. நல்ல மேட் தாளின் உச்சக் கருமை ஏறத்தாழ 1.6 அடர்த்தி; விழும் ஒளியில் நாற்பதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். பரைட்டாவில் 2.3 வரை செல்லும். இருநூறில் ஒரு பங்கே திரும்பும். தார் பூசிய வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பலகைகளின் பொருத்துவாய் வரிசையெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கின்றன.

அரபியில் முதற் கைப்பிரதியை முஸவ்வதா என்பர். கருமையாக்கப்பட்டது என்பது சொற்பொருள். திருத்தித் தெளிவாக எழுதிய படியை முபய்யளா என்பர். வெண்மையாக்கப்பட்டது என்று பொருள். அன்று எங்கள் முஸவ்வதாக்கள் பதினொன்று. பிலிமை அங்குலத்துக்கு 3200 புள்ளிகள் வீதம் வருடியெடுத்து, 12-க்கு 8 அங்குலப் படத்துக்கு அதுவே தாராளம் என்று கண்டோம். வெள்ளையிலிருந்து கருப்புவரை 21 படிகள் கொண்ட பட்டை ஒன்றை ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டோம். மேட் தாளில் கடைசி மூன்று படிகள் ஒன்றாகிப் போயின; வள்ளம் ஒரே கரிக்கட்டியாயிற்று. திரையில் நிழற்பகுதியைச் சிறிது தூக்கி மறுபடி அச்சிட, நான்காம் முயற்சியில் பலகைகள் தெரிந்தன. பரைட்டாவில் அவை இரண்டாம் முயற்சியிலேயே தெரிந்துவிட்டன. அதன் கருப்பைக் கண்டு நான் மயங்கினேன். முடிவு செய்துவிட்டேன் என்றேன். மாணவர் மறுத்தார். ‘படம் இங்கே தொங்கப்போவதில்லையே, ஹஜ்ரத். எங்கே தொங்குமோ அந்த வெளிச்சத்தில், யார் பார்ப்பார்களோ அவர்கள் பார்க்கட்டும்’ என்றார். அவருக்கு நான் கற்பித்தவற்றுள் இதற்கு ஈடாக ஏதேனும் இருந்ததா என்று எண்ணிப் பார்த்தேன்.

மூன்று படங்களையும் ஊருக்குக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் மதினியின் முன் வைத்தேன். கண்புரை நீக்கிக்கொண்ட கண்கள் அவருடையவை. முத்தொளித் தாளைச் சிறிது நேரம் பார்த்து வைத்துவிட்டார். பரைட்டாவை எடுத்துச் சன்னலருகே சென்று இப்படியும் அப்படியும் சாய்த்தார். என் உள்ளம் துடித்தது. ‘இது வேண்டாம், தம்பி’ என்றார். ஏனென்று கேட்டேன். ‘இதில் அவர் நிற்கிற கருப்பில் என் முகந்தான் தெரிகிறது. நான் பார்க்க வேண்டியது அவரை அல்லவா?’

மேட் படத்தை எடுத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கருமையில் குறைந்தது என்று நானும் கருவியும் தீர்ப்பளித்த படம் அது. விரலால் சட்டையைத் தொட்டு, ‘துணி மாதிரியே இருக்கிறது’ என்றார். ஒளிராத தாளில் நிறமி மை மேலாகவே தங்குவதால் விரல் பட்டுப் பட்டுத் தேயும் என்பதை அப்போது சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய படம் கண்ணாடிக்குள் இருக்கட்டும், கையில் எடுத்துப் பார்க்க முத்தொளித் தாளில் அஞ்சலட்டையளவில் ஒன்று தனியே தருகிறேன் என்றேன். சம்மதித்தார்.

பெரிய படத்தை வெற்றுத் தாள்களுக்கிடையே ஒருநாள் முழுதும் வைத்திருந்தோம். மையிலுள்ள ஈரப்பொருள் ஆவியாகி வெளியேறாவிட்டால் பின்னர் கண்ணாடியின் உட்புறம் பனிபோல் படியும் என்பதற்காக. படமும் கண்ணாடியும் ஒட்டாதபடி இடையே அட்டைச் சட்டம் வைத்தோம். சன்னலுக்கு எதிரில் இருந்த பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, வெயிலும் எதிரொளியும் படாத உட்சுவரில் புதிய ஆணி அடித்தோம். படத்தின் பின்புறத்தில், ஓரமாக, பென்சிலால் மெல்ல எழுதினேன்: ஊர், 1986, தாள், மை, அச்சிட்ட ஆண்டு 2023. பென்சிலும் கரிதானே.

பின்னர், முப்பதாண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததை மதினியிடம் சொன்னேன். காக்கா அன்று கடற்கரையில் சொன்னதையும், எகிப்தின் பெரியார் ஒருவர் அதே கருத்தை எழுதியிருப்பதையும், அதைக் காக்காவிடம் நான் சொல்லத் தவறியதையும் சொன்னேன். மதினி படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘அன்று நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்தீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் கை ஆடாமல் எடுத்தான் என் தம்பி என்பார்’ என்றார்.

அருகில் சென்று பார்த்தேன். உண்மைதான். வள்ளத்தின் பலகைக் கோடுகள் ஒன்றுகூட அசையவில்லை.